பாராயணத்துக்கு வந்தவர்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் போய் வேலையைப் பார் என்று விரட்டிவிடுகிற ஆள் நான். சாமி கும்பிடுவேன், வெள்ளிக்கிழமை தவறாமல் பாராயணம் செய்வேன், அது வேறு, இது வேறு. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்கு ஊர் உறுவையாறு, வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சமாதியான ஒரு சுவாமியின் பாட்டுப் புத்தகத்தைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து படிப்போம். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் அடி சொல்ல வேண்டும், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். முடிகிறவரை அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து குரல் வராவிட்டால் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான், சுவாமி அந்த வேண்டுதலை ஏற்கவில்லை என்று அர்த்தம்.

என் மகள் செல்வி பனித்திட்டு மீனவர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். காதல் கல்யாணம். கடலுக்குப் போகிறவருக்குப் பெண் தரமாட்டேன் என்று குதித்தவள் நான்தான், ஆனால் ஆண்பிள்ளை இல்லாத குறையே தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டவர் மாப்பிள்ளை சரவணன். போன ஐப்பசியில், பக்கத்தில்தான் வலை விட்டிருக்கிறேன், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தனியாகப் படகில் போனவர் திரும்பவில்லை. காற்றும் மழையும். தேடிப் போன படகுகளும் வெறுமனே வந்தன. வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களெல்லாம் மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். செல்வி வயிற்றுப் பிள்ளையோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் மணலில் கிடந்தாள், பெற்றவள் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பேன், எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

வேறு வழி தெரியாமல் எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் போன் போட்டேன். நாளைச் சாயங்காலம் பனித்திட்டுக் கடற்கரைக்கு வந்துவிடுங்கள், முழுப் புத்தகத்தையும் அங்கேயே படித்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

“அழுவாத யக்கா, எல்லாரையும் இட்டுனு வரேன். நீ வெளக்க ஏத்தி வை” என்றாள் கஸ்தூரி.

மறுநாள் மழை விட்டிருந்தது. காற்றில் அணையாமல் இருக்க விளக்கை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் ஏற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒருத்தியையும் காணோம், போனும் எடுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆரம்பித்தாக வேண்டும். வருவது வரட்டும் என்று கடலைப் பார்த்து உட்கார்ந்து முதல் அடியைச் சொன்னேன். அலைச் சத்தம்தான் கேட்டது. புத்தகத்தை மூட வேண்டும், ஆனால் கை வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்த அடியைத் திருப்பிச் சொன்னார்கள்.

வந்துவிட்டார்கள் மகராசிகள் என்று அழுதுகொண்டே படித்தேன். போகப் போகக் குரல்கள் அதிகமாயின, மீனவப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். முதுகு சில்லிட்டது. கடற்காற்று முன்னாலிருந்துதானே அடிக்கிறது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

முடித்துக் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினால், நம்பினால் நம்புங்கள், ஒருவருமில்லை. தள்ளி ஒரு படகோரம் செல்வி மட்டும் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் எங்கே என்று அவளைக் கேட்டேன்.

“யாரும்மா வந்தாங்க? நீ ஒரு அடி சொல்ற, கொஞ்ச நேரம் நிறுத்தற, மறுபடி சொல்ற. தனியாதான படிச்சினு இருந்த.”

கஸ்தூரி போனில் வந்தாள். பாகூர்கிட்ட ரோட்டில் தண்ணீர் போகிறதாம், பஸ் பாதியிலேயே திரும்பிவிட்டதாம். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள்.

விடிந்ததும் சேதி வந்தது. கடலூர்ப் பக்கத்துப் படகுக்காரர்கள், மிதந்துகொண்டிருந்த படகில் மயங்கிக் கிடந்த மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், உயிர் இருக்கிறது என்று. நான் மணலில் விழுந்து ஓவென்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் செல்வி டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரம் மாப்பிள்ளை கண் திறந்தார்.

“அத்த, நீங்க கரையில படிச்சப்ப பின்னாடி குந்தினு இருந்தாங்களே, அவங்க யாரு?”

நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“தெரியில. எல்லாருக்கும் துணி சொட்டச் சொட்ட நனஞ்சிருந்துது. வாய்தான் பாட்டு சொல்லுது, கண்ணெல்லாம் உங்க முதுவுமேலயே இருந்துது” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். எழுந்த பிறகு கேட்டால் அப்படி எதுவும் பேசவேயில்லை என்கிறார்.

பேத்தி பிறந்து தவழ்கிறாள். மாப்பிள்ளை மறுபடியும் கடலுக்குப் போகிறார். அவர்கள் யாராக இருந்தாலும் என் பெண்ணின் தாலியைக் காப்பாற்றினார்கள், கும்பிடத்தான் தோன்றுகிறது, கும்பிடவும் பயமாக இருக்கிறது. ஏன் தெரியுமா? பாராயணத்துக்கு வந்தவர்களுக்கு, அழைத்தவள் கையால் வெற்றிலை பாக்குக் கொடுத்துப் போய் வாருங்கள் என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் ஒருத்தியும் எழுந்து போகமாட்டாள், அது எங்கள் வழக்கம். அன்றைக்கு நான் கொண்டுபோன வெற்றிலை கட்டுப் பிரிக்காமல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவர்களை நான் இன்னும் அனுப்பவில்லை.