வடக்கு வரப்பின் பூவரசுகள்

கரும்பலகையில் பிழையாக எழுதியதைத் துடைத்துவிடலாம். வரப்பில் பிழையாக நட்ட மரமோ ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து நின்று ஊருக்கே காட்டிக்கொடுக்கும். வரப்பில் மரம் வளர்த்து, அடுத்த வயல்காரரிடம் ஏச்சு வாங்கிய அன்பர்களே, நானும் உங்களுள் ஒருத்தி.

நிழல் விழுந்த பக்கம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், தாமிரபரணிக் கால்வாய் பாயும் எங்கள் நெல்வயலின் வடக்கு வரப்பில் நட்டால் வேர்விடும் கிளைகளான பூவரசம் போத்துகள் பன்னிரண்டை நூல் பிடித்து ஊன்றினேன். ஐப்பசியில் நட்டு மாசியில் அறுக்கும் பிசானப் பருவத்தில் சூரியன் தென்புறமாகச் சாய்ந்து செல்லும். ஆகவே என் பயிரின்மேல் நிழல் விழாது என்பது பூகோள ஆசிரியையான என் கணக்கு.

கணக்கு பிழைக்கவில்லை. நான்காம் ஆண்டில் நிழல் முழுவதும், வடக்கு வயலைக் குத்தகைக்கு உழும் சுடலைமுத்துவின் நெல்மீது விழுந்தது. வரப்போரக் கதிரெல்லாம் பதர். அறுப்பன்றே அவர் வந்து நின்றார். "குத்தகை நெல்லு கொறஞ்சா நெலக்காரரு வயல வேற ஆளுக்குக் கொடுத்துருவாரு. மரத்த நீங்க வெட்டுதியளா, நான் வெட்டட்டுமா டீச்சர்?"

அடிக்கோல்

வெட்ட எனக்கு மனமில்லை. தவற்றை அளக்காமல் திருத்தவும் எனக்குத் தெரியாது. மறுநாள் நான் குடியிருந்த வண்ணார்பேட்டையிலிருந்து முதல் பேருந்தில் வயலுக்குச் சென்று, மூன்று வேளையும் அடிக்கோலால் நிழலை அளந்து குறித்தேன். தண்டின் நிழல் மெலிந்ததே. கேடு செய்தது தழைதான். அருகே வைக்கோல் உலர்த்திக்கொண்டிருந்த சுடலைமுத்துவின் மனைவி பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். "நெழலுக்கும் மார்க் போடுதியளா டீச்சரம்மா? போட்டா பெயிலாக்கிருங்க."

மொட்டை மரங்கள்

அடுத்த பிசான நடவுக்கு முன் எல்லா மரங்களின் கிளைகளையும் கழித்தேன். நிழலைச் சுமந்த வயலுக்கே தழை உரியது என்று முடிவு செய்து, என் வயலுக்கு ஒரு கட்டும் வைத்துக்கொள்ளாமல், அத்தனையையும் சுடலைமுத்துவின் சேற்றில் உரமாகப் போடச் செய்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கி மிதித்தேன். கட்டைகள் பேச்சியின் அடுப்புக்குப் போயின. சுடலைமுத்து மட்டும் அரிவாளைக் கீழே வைக்காமல் வரப்பிலேயே நின்றார். "இந்த அறுப்பும் பதராப் போச்சுன்னா, டீச்சர்னு பாக்க மாட்டேன்."

களத்தில்

மாசியில் அறுத்தார்கள். வரப்போர நெல் மற்றதற்குச் சமமாய் நின்று கதிர் முற்றியிருந்தது. யூரியா ஒரு மூட்டை மிச்சம். குத்தகை அளந்தது போக, பேச்சி வீட்டுக்குச் சென்ற நெல் முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். வயலும் அவர்களிடமே நிலைத்தது. தழை போடாத என் வயல்தான் சற்றுப் பின்தங்கியது.

மறுவாரம் சுடலைமுத்து போத்து கேட்டு வந்தார். "நெலக்காரர்ட்ட கேட்டுட்டேன் டீச்சர். என் வடக்கு வரப்புலயும் தழைக்குப் பத்து ஊனப் போறேன். அங்கன மச்சினன் வயலு. நாலு வருசம் கழிச்சு அவனும் நெழல்ல கெடக்கட்டும்."

முப்பது ஆண்டுகள் திசைகளைக் கற்பித்த எனக்கு, என் வரப்புக்கு வடக்கே யார் இருக்கிறார் என்பது மட்டும் பாடத்திட்டத்தில் விடுபட்டுப் போயிருந்தது.