மீன்கொத்திப் படத்தின் வெட்டுப்பட்ட ஓரம்

அடுத்த அறையில் தகரப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. அடுக்களையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த லியோனார்டின் கை அப்படியே நின்றுவிட்டது.

"பாரு ராஜம்மா, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு," என்றாள் அவர் மனைவி செசிலியா. "ஆனா அத்தனையும் குருவிப் படம். இந்த மனுஷனுக்கு மனுஷ மூஞ்சி எங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது?"

மலாயாவில் கோத்தா திங்கி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி லியோனார்ட். ராஜம்மாவின் கணவன் கனகராஜ் அங்கே பால் வெட்டியவன். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். காய்ச்சலில் செத்துவிட்டான் என்று போன வாரம்தான் சேதி வந்தது. அவன் போன பிறகு பிறந்த பெண் குழந்தைக்குக் காட்ட, தகப்பன் முகம் ஒரு படத்திலாவது இருக்காதா என்று கேட்டு, அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள் ராஜம்மா.

வெள்ளைக்காரன் காலத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் லியோனார்ட் கேமராவோடு ஆற்றுக்குப் போய்விடுவார். சம்பான் படகைச் செலுத்துவது கனகராஜ். வாரம் முழுக்கத் துரையின் ஏச்சைக் கேட்டுக் கூனிப்போன மனிதர், நாணலுக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். பறவைக்கு அவர் கிராணி என்று தெரியாது. அது தலையைத் திருப்பும் அந்த ஒரு கணத்துக்காக மூன்று மணி நேரம் கொசுக்கடி பட்டாலும் உறைக்காது. பிடிக்காமல், கொல்லாமல், கூண்டில் அடைக்காமல் ஓர் உயிரைத் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுவரும் ஆனந்தம் அது! அந்த ஆனந்தத்துக்குத் துடுப்புப் போட்டவனை மட்டும், ஐயோ, அவர் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் இங்க வாங்களேன்," என்றாள் ராஜம்மா.

போனார். அவள் கையில் மீன்கொத்தியின் படம். ஓரத்தில், துடுப்பைப் பிடித்த நான்கு விரல்கள். ஒன்றின் நுனி இல்லை.

"இது அவரு கைதான். கத்தி பட்ட விரலு. மூஞ்சி எங்கய்யா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இருந்துச்சும்மா. சிரிச்சுக்கிட்டு இருந்தான். குருவி மட்டும் இருந்தா அழகா இருக்கும்னு நான்தான் கத்தரிக்கோலால வெட்டிப் போட்டேன்."

"திரும்பப் போட முடியாதா?"

"ஜப்பான்காரன் கேமராவைக் குடுக்கச் சொன்னப்போ பயந்துபோய் பிலிமையும் சேர்த்துக் குடுத்துட்டேன்."

செசிலியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படம் எடுத்த அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்து என்னா குதி குதிச்சாரு தெரியுமா?" ராஜம்மாவின் குரல் உடைந்தது. "'கிராணி ஐயா படத்துல நானும் விழுந்துட்டேன் புள்ள'ன்னு லயத்து வீடு அத்தனைக்கும் போய்ச் சொன்னாரு."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "இதையாவது எடுத்துக்கிட்டுப் போம்மா," என்றார் தரையைப் பார்த்தபடி.

"விரலைக் காட்டி இதான் உங்கப்பான்னு சொல்லவா? வேணாம், ஐயா. நீங்களே வச்சுக்குங்க."

படத்தைப் பலகைமேல் வைத்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். கூப்பிட வாயெடுத்தார், எந்த முகத்தோடு கூப்பிடுவது? செசிலியா அவரைத் திரும்பியும் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.