சாட்சிகளுக்கு மாதிரி விடை

வீட்டு ஆட்களைப் பறிகொடுத்தவர்களிடம் போய், பறித்தவனுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு என்று முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டியது என் வேலை.

மெல்பேர்னில் ஒரு இலவச சட்ட உதவி மையத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. சனிக்கிழமைகளில் நோபல் பார்க்கில் ஒரு சமூக மண்டபத்தில், போரிலிருந்து தப்பி வந்த இலங்கைத் தமிழர்களுக்கு வகுப்பு எடுப்பேன். சாட்சி சொல்வது எப்படி, நியாயமான விசாரணை என்றால் என்ன, இவைதான் பாடம். அதற்குக் காரணம் உண்டு. போரின் கடைசி நாட்களில் சரணடைந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய ஒரு ராணுவ அதிகாரி இப்போது வேறொரு நாட்டில் குடியிருக்கிறார். அந்த பஸ்ஸில் போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அதிகாரி மீது அந்த நாட்டில் வழக்குத் தொடர முடியுமா என்று பார்க்க, அங்கிருந்து ஒரு பெண் புலனாய்வாளர் மெல்பேர்ன் வருவதாக இருந்தது. கேட்கப் பிடிக்காதவர்களுக்குப் பாடம் எடுத்துத் தொண்டை கட்டியவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

முதல் நாளே

முதல் வகுப்பில் பாடம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி என்றேன். இந்த இரண்டு வரியை நான் தூக்கத்திலும் சொல்வேன். அன்று தூக்கத்தில் சொல்லியிருந்தால் தேவலை.

பின்வரிசையில் கனகு அங்கிள் எழுந்து நின்றார். இங்கே டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் அந்த பஸ்ஸில் போனவன். கோபப்படவில்லை. வழி கேட்பவர் மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்: "எங்கட பெடியளை பஸ்ஸிலை ஏத்தேக்கை ஆரும் சட்டத்தரணியைக் கூப்பிட்டவையோ, பிள்ளை?"

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது

விசாரணை எப்படி இருக்கும் என்று காட்ட, வகுப்பிலேயே ஒன்றை நடித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நீதிபதி ஆக எட்டுக் கை உயர்ந்தது. அரசுத் தரப்பு வக்கீலாக அதைவிட அதிகம். குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூட ஒருவர் வேடிக்கையாக ஒப்புக்கொண்டார். அவருக்காக வாதாட மட்டும் ஒரு ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே எழுந்தேன். சாட்சியாக உட்கார்ந்தவர் சறோ அக்கா. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருக்கிறார், ஐம்பது வயதிருக்கும், எதையும் பட்டென்று பேசுகிறவர். அவரிடம் நான், "எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், வெயில் கண்ணில் அடித்ததா, நிச்சயமாக அவர்தானா?" என்று குடைந்தேன். நிஜ வழக்கில் இதைவிட மோசமாகக் கேட்பார்கள் என்று முன்பே சொல்லித்தான் ஆரம்பித்தேன். அது யார் காதிலும் ஏறவில்லை.

இடைவேளையில் எல்லார் கையிலும் கோப்பை இருந்தது. என் முறை வந்தபோது, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "தேத்தண்ணி முடிஞ்சு போச்சு, லோயர்."

கதிரை அடுக்கும்போது

ஒரு நாள் வகுப்பு முடிந்து நாற்காலிகளை, அவர்கள் பேச்சில் கதிரைகளை, அடுக்கும்போது சறோ அக்கா என் பக்கத்தில் வந்து நின்று பேச ஆரம்பித்தார். அவர் கணவருக்குக் காலில் காயம். பஸ் படியில் ஏற முடியவில்லை. வாசலில் நின்ற அந்த அதிகாரியே கையைக் கொடுத்து அவரைத் தூக்கி ஏற்றினார். அக்கா கை எட்டும் தூரத்தில் நின்றார். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு கணவரைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. செத்தாரா, இருக்கிறாரா, செத்தால் எங்கே, இதைத் தெரிந்துகொண்டால் போதும் என்றார்.

எனக்கும் முழுக்கக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பாடம் எடுப்பவர் சாட்சியத்தில் வாய் வைக்கக் கூடாது, கேட்டுத் தலையாட்டினால்கூடப் பிறகு பிரச்சினை ஆகும். "அக்கா, இதை எங்கிட்ட சொல்லாதீங்க, அந்தப் புலனாய்வு அம்மா வரும்போது சொல்லுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு என் மேல் எரிச்சலாக வந்தது. அக்கா கையிலிருந்த கதிரையை டமாரென்று வைத்தார். "உங்களிட்டையும் சொல்லக்கூடாதெண்டா, பிறகென்னத்துக்கு இந்த வகுப்பு?"

மாஸ்டரின் உதவி

இந்தக் கட்டத்தில் உதவிக்கு வந்தார் அருள் மாஸ்டர். இலங்கையில் பேர்போன டியூஷன் வாத்தியாராக இருந்தவர். அவர் எழுதிக் கொடுத்த மாதிரி விடைகளை மனப்பாடம் செய்து எத்தனையோ பேர் பல்கலைக்கழகம் போயிருக்கிறார்கள். தங்கமான மனிதர், அதுதான் சிக்கலே. புலனாய்வாளரைச் சந்திக்க இருந்த ஐந்து பேரையும் தன் வீட்டுக்கு அழைத்து, மீன் குழம்போடு சோறு போட்டு, ஆளுக்கொரு வாக்குமூலம் டைப் செய்து கொடுத்துவிட்டார். பெருமையோடு எனக்கும் ஒரு செட் வகுப்புக்குக் கொண்டுவந்தார்.

ஐந்தும் ஒன்றே. ஐந்து பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், ஐந்து பேருக்கும் அதிகாரியின் இடது கன்னத்தில் தழும்பு தெரிகிறது. சறோ அக்காவின் தாளில் கையைக் கொடுத்து ஏற்றிய பேச்சே இல்லை. அதைச் சொன்னால் அவன் நல்லவன் ஆகிவிடுவான் என்று மாஸ்டர் வெட்டிவிட்டாராம். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து பேர் ஒன்றுபோலச் சொன்னால் எந்த நீதிமன்றமும் நம்பாது என்று மாஸ்டரிடம் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளுக்கொரு விதமா எழுதினா எல்லாரும் ஃபெயில்தான், தங்கச்சி."

சொல்லாமல் இருக்க முடியவில்லை

சாட்சிகள் கூடிப் பேசியது எனக்குத் தெரியும். அதை மறைத்தால் நானும் அந்த மாதிரி விடையில் ஆறாவது ஆள். புலனாய்வாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டுவிட்டு, "சரி, வருகிறேன், ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கிறேன்" என்றார். யார் சாட்சியம் தேறும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியுமாம்.

அடுத்த சனிக்கிழமை நான் செய்ததை வகுப்பிலேயே சொன்னேன். பாதிப் பேர் இடைவேளையிலேயே கிளம்பிப் போனார்கள். வாசலில் கனகு அங்கிள் நின்றார். இந்த முறை அது வழி கேட்கிற குரல் இல்லை. "நீர் எங்கட பக்கமோ, அவன்ரை பக்கமோ? அதை மட்டும் சொல்லும்."

வராந்தாவில்

புலனாய்வாளர் வந்து கேட்ட நாளில் மாஸ்டரும் நானும் வராந்தாவில் காத்திருந்தோம்; முதலில் உள்ளே போன நான்கு பேரும் மாஸ்டர் எழுதியதை நிறுத்தற்குறிகளோடு ஒப்பித்துவிட்டு வந்தார்கள். தழும்பு எவ்வளவு நீளம் என்று கேட்டதற்கு நான்கு பேரும் முழித்தார்களாம். இப்போதைக்கு அவர்கள் சாட்சியம் உதவாது என்று புலனாய்வாளர் அவர்களிடமே பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். கனகு அங்கிளும் அந்த நால்வரில் ஒருவர். தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். தன் மகனை அவர் கடைசியாகப் பார்த்தது உண்மையிலேயே அந்த பஸ் அருகில்தான். அந்த உண்மையும் மாஸ்டரின் தழும்போடு சேர்ந்து போயிற்று.

கடைசியாக சறோ அக்கா உள்ளே போனார். வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. கன்னத்தில் தழும்பு ஏதும் தான் காணவில்லை என்றும், கை கொடுத்து ஏற்றியதைத்தான் கண்டேன் என்றும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். புலனாய்வாளர் அவரை மறுபடி வரச் சொல்லியிருந்தார். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதைச் சொல்லிப்போட்டீரோ? அவனை நல்லவனாக்கிப் போட்டீரே!" அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பினார். "என்ரை மனுசனை ஏத்தினவன் அவன்தான், மாஸ்டர். ஏத்தினவனைத்தானே கேக்கலாம், எங்கை கொண்டுபோய் இறக்கினதெண்டு."

நியாயமான விசாரணையைப் பற்றி இத்தனை காலம் பாடம் எடுத்ததில் நான் அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அது தொடங்குமோ தொடங்காதோ, தொடங்குவதற்குள் இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவளாக ஒரு ஆள் தேவை, அதற்குச் சம்பளமும் உண்டு.