டிக்கெட் அக்கா வீட்டு வேலைக்காரி

ஏமாற்றி விற்கப்பட்டு மீட்கப்பட்ட பெண்கள் தங்கும் விடுதியில் அவளுக்கு டிக்கெட் அக்கா என்றே பெயர். சொந்த நாட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்கிற பெண்களுக்குத் தூதரகக் கடிதம், விமானச் சீட்டு எல்லாம் அலைந்து வாங்கித் தருவது அவள் வேலை. பதினோரு வருடமாக இதே அலைச்சல். வாய் கொஞ்சம் நீளம். தூதரகக் குமாஸ்தா அவள் தலையைக் கண்டாலே தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்.

விமானம் ஏறக்கூடப் பயப்படாத பெண்கள், வீட்டில் அம்மா கேட்கப்போகும் ஒரு கேள்விக்கு நடுங்குவார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தாய்? நாலு வருடம் பூட்டிய அறையில் கிடந்த ஒரு பெண், இதற்காகவே இரண்டு தடவை பயணத்தைத் தள்ளிப்போட்டாள்.

மூன்றாவது சீட்டு வந்ததும் மெல்லக் கேட்டாள். "அக்கா, வீட்டு வேலை செஞ்சேன்னு சொல்லிடறேன். எந்த வீடுன்னு கேட்டா முழிப்பேனே. உங்க வீட்டைக் குடுங்களேன்."

"தாராளமா எடுத்துக்கோ. எங்க மாமியாரையும் சேர்த்தே எடுத்துக்கோ."

இரண்டு அறை, ஒழுகும் சமையலறைக் குழாய், பாலைக் கண்டால் மூக்கைப் பிடிக்கும் மகன், தைலம் தேய்த்தபடி ஊர்வம்பு பேசும் மாமியார். எல்லாவற்றையும் அந்தப் பெண் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தாள்.

"அவங்க என்னைத் திட்டுவாங்களா?"

"என்னையே விடமாட்டாங்க, உன்னை விடுவாங்களா?"

அவள் சிரித்து அன்றுதான் அக்கா பார்த்தாள். மறுநாள் விமான நிலையத்தில் கையசைத்துவிட்டு வந்தபோது மனசு நிறைந்திருந்தது. நாலு வருடம் ஏன் ஒரு போன்கூடப் பேசவில்லை என்பதற்கு மட்டும் கதையில் பதில் இல்லை. இருவருக்குமே அது தோன்றவில்லை.

பத்தாம் நாள் அக்காவின் கைபேசிக்கு அந்தப் பெண்ணின் அம்மாவிடமிருந்து போன். மகளின் பையில் அக்காவின் நம்பர் கிடைத்திருக்கிறது.

"நீங்கதானே அந்த வீட்டம்மா? நாலு வருஷமா ஒரு போன் பண்ண விடலையே! அவ அப்பா செத்ததுகூட அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் ஒரு புள்ள இருக்கானாமே, நல்லா இருப்பீங்களா?"

பின்னால், "போதும்மா, வெச்சிடும்மா" என்று மகள் அழுவது கேட்டது.

எந்த அதிகாரிக்கும் அடங்காத வாய் பதில் சொல்லத் துடித்தது. உண்மையைச் சொன்னால் பழி தன்னை விட்டுப் போய்விடும். போய் அந்தப் பெண்ணின் தலையில் உட்காரும். அக்காவுக்குக் கண் கலங்கியது.

"தப்புதாம்மா. நான்தான் விடல."

"தூக்கத்துல கத்தறா. யாரு தொட்டாலும் பதறறா. என்ன பண்ணினீங்க என் பொண்ணை?"



"அடிச்சேம்மா," என்றாள் டிக்கெட் அக்கா.