வேலையும் விடுமுறையும்

என் மகளுக்குக் கிடைத்த விசாவின் பெயரில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று வேலை, மற்றது விடுமுறை. ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஓராண்டு தங்கலாம், ஊர் சுற்றலாம், செலவுக்குக் கிடைத்த வேலையைச் செய்துகொள்ளலாம். இளவயதினருக்கு மட்டுமே தருவார்கள். விண்ணப்பித்தவர்களின் பெயர்களைக் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த ஊழியராக இருந்தவள், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செல்போனில் பதிந்திருக்கிறாள். அவள் பெயர் வந்துவிட்டது.

நான் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஹாலிடே என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பொத்தேரியில் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த, வரன் பார்த்துக்கொண்டிருக்கிற இருபத்தைந்து வயதுப் பெண் ஒரு வருட விடுமுறைக்குப் போகிறாள் என்று யாரிடம் சொல்வது?

விசா வந்த வார ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். எங்கள் சபையில் அதற்கென்று அச்சடித்த கவர் உண்டு. எதற்காக நன்றி சொல்கிறோம் என்று எழுத அதன் மேல் ஒரு கோடு போட்டிருக்கும். ஆராதனை முடிவதற்குமுன் போதகர் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். பிறந்தநாள், பரீட்சையில் தேர்ச்சி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்படி. நான் எழுதினேன்: ‘மகளுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்ததற்காக.’ கோடு சின்னது, மற்றச் சொல்லுக்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோட்டில் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

போதகர் அதை மைக்கில் வாசித்ததும் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே செருப்பு மாட்டும்போது, பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லவே இல்லியே டீச்சர்! எந்தக் கம்பெனி?”

“இங்க பாத்த மாதிரிதான். கார் லைன்.”

“பர்மனென்ட்டா?”

நான் தலையை ஆட்டினேன். ‘ஆமாம்’ என்று வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதை ரொம்ப நாள் ஒரு நியாயமாக வைத்திருந்தேன்.

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே மகள் கேட்டாள்: “இன்னாமா, எனக்கே தெரியாம எனக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டே? சம்பளம் இன்னா போட்டுகீறே?”

எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கிண்டல் செய்யும்போது மட்டும் அவளுக்கு அந்த மெட்ராஸ் பாஷை வந்துவிடும். அவள் சிரித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.

போன புதிதில் நகரத்தில் ஒரு காபிக் கடையில் பாத்திரம் கழுவினாள். பிறகு அங்கிருந்து பல மணி நேரம் தள்ளி, கமலா ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றுக்குப் பழம் பறிக்கப் போனாள். முதல் நாளே படம் அனுப்பினாள். தலையில் அகலத் தொப்பி, மார்பில் கனமான பை, பின்னால் ஏணி. முகமெல்லாம் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கம்பெனி நாட்களில் பார்த்ததில்லை. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“இதை ஸ்டேட்டஸ்ல வைக்காதடி. நம்ம சர்ச்ல எல்லாரும் பாக்குறாங்க. சிட்டில எடுத்தது ஏதாவது இருந்தா போடு.”

“சரிமா” என்றாள். அதற்குப் பிறகு படமே வரவில்லை. சொன்னதைக் கேட்கிற பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து வீடியோ கால்களும் நின்றன. நெட் சரியில்லை என்றாள். வெறும் குரல்தான். ஒரு வாரத்துக்கும் மேல் அப்படியே போனது. ஒரு சனிக்கிழமை காலை என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. நான் எடுத்துக் காதில் வைத்தேன். வாய் திறப்பதற்குள் அவள் குரல்.

“அப்பா, திங்கக்கிழமை எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு வேற கட்டு போடுவாங்களாம். அம்மா பக்கத்துல இல்லியே?”

“அம்மாதான் பேசுறேன்” என்றேன்.

ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது. ஒன்பது நாளாக மாவுக்கட்டு. அவள் அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

“பெத்தவகிட்ட சொல்லணும்னு தோணலையாடி?”

“ஆபீஸ்ல வேலை பாக்குறவ எப்படிமா ஏணியிலேர்ந்து விழுவா? உன்கிட்ட சொன்னா நீ இன்னொரு கதை ரெடி பண்ணணும். உனக்கு எதுக்கு கஷ்டம்னுதான்.”

கோபத்தில் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல அத்தனை அக்கறையாகச் சொன்னாள். அதற்குள் ஈரத்தலையோடு வந்து நின்ற கணவர், “உனக்கு பிரஷர் ஏறும்னு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் பார்த்த பார்வையில் அவருக்குப் பொய்யை முடிக்க வரவில்லை.

வீடியோவைப் போடச் சொன்னேன். நெட் நன்றாகவே இருந்தது. முகம் வெயிலில் கறுத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. வலது கை.

“தலைய யாருடி பின்றா?”

“ரூம்ல ஒரு கொரியாப் பொண்ணு. பின்னல்லாம் தெரியாது. ரப்பர் பேண்டு போட்டு விடுவா.”

“சோறு?”

“ஸ்பூன்லதான். பழகிடுச்சு.”

திரும்பி வந்துவிடு என்றேன். இன்னும் நாள் இருக்கிறது, கை சரியானதும் பழம் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். “அதான்மா, குவாலிட்டி செக்கிங். அங்க கம்பெனில செஞ்ச அதே வேலை. நீ சொன்னது பொய்யில்ல பாரு.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைப்பதற்குமுன் சொன்னாள்: “நீ யார்கிட்டயும் எதையும் மாத்திச் சொல்ல வேணாம். நான் ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன்.”

அன்று முழுவதும் ஒரு முடிவோடு இருந்தேன். நாளை யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது. தோட்டம், ஏணி, கை எல்லாவற்றையும். கணவரிடம்கூடச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாடகர் குழு அம்மா எதிரே வந்தார்.

“பொண்ணு எப்படி இருக்கா டீச்சர்?”

“கையில அடி. மாவுக்கட்டு போட்டிருக்காங்க” என்றேன். அதுவரை சரியாகத்தான் வந்தது.

“அச்சச்சோ! எப்படி?”

கணவர் என் பக்கம் திரும்பினார்.

“பாத்ரூம்ல வழுக்கிட்டா” என்றேன்.

“ஐயோ, அந்த ஊர்லயுமா டீச்சர் பாத்ரூம் வழுக்கும்?”

“வழுக்கும்” என்றேன். கணவர் எனக்காகக் காத்திராமல் ஸ்கூட்டரை எடுக்கப் போனார்.