அண்ணனின் பட்டாளத்துக் காகிதம்

உறவின்முறையாருக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் இந்த ஆனியோடு ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது, பழைய ரத்தத்தைக் கிளறாதே என்று என் மைத்துனர் சொல்லிப் பார்த்தார். அண்ணன் உடம்பில் தழும்பில்லாத இடம் ஒரு சாண்கூடக் கிடையாது. அடிதடியை விட்டுவிட்டு அவரைப் பற்றி என்னத்தை எழுதுவது? அதோடு, அண்ணன் பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவர் என்று இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்தப் பொய் எப்படிக் கிளம்பியது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் பிறந்தது சின்னமனூருக்குக் கிழக்கே எங்கள் பூர்வீக ஊரில். எங்கள் ஐயா வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் செத்தார். பக்கத்து வயல்காரன் மண்வெட்டியால் மண்டையில் போட்டான். அன்றைக்கே அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிய அண்ணனின் காலை ஆத்தா கட்டிக்கொண்டது. "கொல்லணும்னா சர்க்காருக்காகப் போயி கொல்லுலே. அவனாச்சும் கஞ்சி ஊத்துவான்" என்றது. அந்தக் கோபத்தோடுதான் மதுரைக்குப் போய் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தார். முதல் செர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கப்பலேற்றி, துருக்கிக்காரனோடு சண்டை போட பஸ்ராவுக்கு அனுப்பினார்கள்.

சண்டையைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். பதுங்குகுழியில் மணல் அடைத்துத் துப்பாக்கி வெடிக்கவில்லையாம். துருக்கிச் சிப்பாய் ஒருவன் மேலே வந்து விழுந்தானாம். கையில் அகப்பட்டது மண் வெட்டுகிற கருவிதான். அதால் அடித்தாராம். "நம்ம ஐயாவ அடிச்ச மாதிரியே அடிச்சேன்லே. மத்தியானம் வரைக்கும் எம்பக்கத்துல கெடந்து முனங்குனான்" என்றார். இன்னொருவன் துப்பாக்கிமுனைக் கத்தியை அவர் தொடையில் இறக்கிவிட்டான். அதே படையில் இருந்த உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் அண்ணனைத் தோளில் போட்டுச் சுமந்து வந்திராவிட்டால் இந்த மலரே இல்லை.

காலை இழுத்துக்கொண்டு ஊர் வந்தார். ஒரு மெடலும், பட்டாளம் முறையாக விடுவித்ததற்கு ஒரு டிஸ்சார்ஜ் காகிதமும் கொண்டுவந்தார். மதினியைக் கட்டினார். கரும்பு போட்டார், மாடு வாங்கினார். நாலு வருஷம் நிம்மதியாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் வந்தது ரேகைச் சட்டம். எங்கள் கூட்டத்து ஆம்பிளைகள் எல்லாரும் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் எழுதிவைத்து, தினம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்ன சட்டம். அடுத்த ஊருக்குப் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் உதை, ஜெயில்.

சட்டம் எங்கள் ஊருக்கு வரப்போகிறது என்றதும் ஊரே கலங்கிப்போனது. யார் ரேகை ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறதோ அவன் தலையில் பழைய கொள்ளைக் கேஸைக் கட்டப் போகிறார்கள், வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அண்ணன் கம்பம் சந்தைக்குப் போயிருந்தார். தகரப் பெட்டியில் இருந்த டிஸ்சார்ஜ் காகிதத்தின் அடியில் அவர் கட்டைவிரல் ரேகை மையில் பதிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது தமிழே எழுத்துக்கூட்டத்தான் வரும், இங்கிலீஷ் எங்கே தெரியும்! அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அதைக் கொண்டுபோய் வெல்லம் காய்ச்சுகிற அடுப்பில் போட்டேன். படுபாவி நான். யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் தண்டோரா போட்டார்கள். பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் காகிதத்தைக் காட்டினால் ரேகை வைக்க வேண்டாம்.

அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, பெட்டியைத் திறந்தார். துணியை எல்லாம் உதறிப் போட்டுத் தேடினார். மதினியைக் கேட்டார். ஆத்தாவைக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மெடலை எடுத்து மடியில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

காகிதம் எங்கே என்றார்கள். கப்பலில் தொலைந்துபோய்விட்டது என்றார் அண்ணன். மெடலை வாங்கிப் பார்த்த ஏட்டு, "இதை எங்கடா திருடுன? இல்ல, ஓடிவந்த பயலா நீ?" என்று கேட்டான். அண்ணன் அவன் கையிலிருந்த லத்தியைப் பிடுங்கி ஒரே அடியில் அவன் முழங்கையை ஒடித்தார். அதற்கப்புறம் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தொடைத் தழும்பைப் பூட்ஸ்காலால் மிதித்தே பிளந்தார்கள். முன்பல் இரண்டு தெறித்துச் சுவரோரம் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். நினைவு தப்பிக் கிடந்தவரின் விரலைப் பிடித்து மையில் அமுக்கிப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். வரிசையில் அடுத்து நின்ற நான் வாயைத் திறக்காமல் ரேகை வைத்தேன்.

ராவுத்தர் தகவல் தெரிந்து வந்து, இவன் என் கூடப் பட்டாளத்தில் இருந்தவன் என்று சாட்சி சொன்னார். காகிதம் இல்லாமல் செல்லாது என்றார்கள். பட்டாளத்து ஆபீசுக்கு எழுதிப் போட்ட மனுக்களுக்கும் பதில் வரவில்லை. அண்ணனுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல். திரும்பி வந்த மறுநாளிலிருந்து தினம் ரேகை. ஏட்டு சொன்ன சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. ஓடிவந்தவர், ஓடிவந்தவர். அண்ணன் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

அவர் மகளுக்குத் தேவதானப்பட்டியில் சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளையின் சித்தப்பா, ஓடிவந்தவன் வீட்டில் கை நனைப்பதா என்று வெற்றிலைத் தட்டைக் காலால் தள்ளினார். நான் அவர் மேல் பாய்ந்து, அவர் காதோரம் கிழிந்து ரத்தம் கொட்டுகிற வரைக்கும் அடித்தேன். அண்ணன்தான் என் முடியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பிள்ளைக்கு அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்துத்தான் கல்யாணமானது.

சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அண்ணன் ஈரல் வீங்கிப் படுத்துவிட்டார். பேப்பரை வாசித்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது. "அண்ணே, அந்தக் காயிதத்த நாந்தான் எரிச்சேன்" என்றேன்.

"அன்னிக்கே தெரியும்லே, ஒம் மூஞ்சியப் பாத்தப்பவே" என்றார். "ஒம் பொண்டாட்டி அப்ப நெறமாசம். சர்க்கார் காயிதத்த எரிச்சது நீன்னு சொல்லியிருந்தா ஒன்னயத்தான் உரிச்சிருப்பாக. நீ தாங்க மாட்ட."

பத்து நாளில் போய்விட்டார்.

தூர ஊர்களிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், கடைசி மாதம் வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த வைத்தியருக்கும், தள்ளாத உடம்போடு உத்தமபாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்து பாடையோடு நடந்த ராவுத்தருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு என் வாசலை மிதிக்க மாட்டேன் என்பவர்கள் மேலும் எனக்கு வருத்தமில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் மதினியிடம் இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். காகிதம் எரிந்த கதை அவருக்கு இதுவரைக்கும் தெரியாது. அண்ணன் மதினியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. பெயரைப் போடாமல், குடும்பத்தார் என்று மட்டும் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அவுக இருபது வருசம் ஒங்க பேரச் சொல்லல தம்பி. இப்ப நீங்களே போடுங்க" என்றார்.

இப்படிக்கு,
தம்பி மாயாண்டி