வசந்தாவுக்கு நான் கொடுத்த மானிட்டர்

வசந்தா என் மேஜைமேல் பன்னிரண்டு கல்யாணப் பிரிண்டுகளைப் பரப்பி வைத்தார். எல்லாவற்றிலும் மணப்பெண்ணின் முகம் இருண்டு கிடந்தது. அரக்குப் பட்டு கறுப்பாகவே மாறியிருந்தது.

“நான் அனுப்புனது இப்படி இல்ல சார். வீட்ல பார்க்கும்போது பளிச்சுனு இருந்துச்சு.”

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை இப்போது எழுதுகிறேன்.

1. பாகங்கள்

நான் பௌதிகம் படித்தவன். 1989இல் திருவண்ணாமலையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்தேன். பிறகு அதையே செங்கம் சாலையில் கம்ப்யூட்டர் கடையாக மாற்றினேன். பிக்சர் டியூபைக் கழற்றிப் பூட்டியே பாதி வயது போனதால், திரையில் நிறம் எப்படி உண்டாகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

வசந்தாவுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பதினோரு வருஷம் டச்சிங் வேலை செய்தவர். படத்தில் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை ஆகியவற்றைத் தூரிகையால் திருத்துவதுதான் அந்த வேலை. டிஜிட்டல் வந்ததும் அதையே கம்ப்யூட்டரில் செய்யக் கற்றுக்கொண்டார். அந்தச் சமயத்தில் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார். வசந்தா வீட்டை விட்டு நகர வழியில்லை. “வீட்ல ஒரு சிஸ்டம் போட்டுக்கோ, சி.டி.யை வேன்ல குடுத்து அனுப்புறேன்” என்று ஸ்டூடியோ முதலாளி சொல்லியிருந்தார். வசந்தாவின் வேலை அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் இருந்தது.

என் கடைக்கு வந்து ஒவ்வொரு பாகமாகக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

“கிராபிக்ஸ் கார்டு வேணாமா சார்? பக்கத்துக் கடையில கண்டிப்பா வேணும்னாங்களே.”

“அது கேம் ஆடுற பசங்களுக்கும்மா. உங்களுக்கு எதுக்கு? ப்ராசசர்லயும் ஒரு படி கம்மி பண்ணிக்கலாம். அந்தக் காசுக்கு ராம் ஜாஸ்தி போட்டா பெரிய படத்தைத் திறந்தாலும் திணறாது.”

ஹார்ட் டிஸ்க் இரண்டு போடச் சொன்னேன். ஒன்று விண்டோஸுக்கு, மற்றொன்று படங்களுக்கு மட்டும். கரண்ட் போனால் செய்த வேலை போய்விடக் கூடாதென்று யு.பி.எஸ். சேர்த்தேன். இதுவரை நான் செய்தது எல்லாம் சரி.

கடைசியில் மானிட்டர். கடையில் பதினேழு இஞ்ச் டியூப் மானிட்டர் ஒன்று இருந்தது. எல்சிடி ஆறு இருந்தன. அப்போதுதான் விலை இறங்கி வந்த மலிவு ரகம். விற்கவில்லை, சப்ளையரும் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

“டியூப்பே பழக்கமா இருக்குது சார்.”

“இன்னும் ரெண்டு வருஷத்துல அதை யாரும் வாங்க மாட்டாங்க. எல்சிடின்னா எடமும் அடைக்காது, கரண்ட்டும் கம்மி.”

அவர் எல்சிடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுல தெரியற கலர்தான் பிரிண்ட்ல வருமா சார்?”

“அப்படியேதான் வரும்மா” என்றேன்.

அந்த மானிட்டரில் நேராக உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் அளவுக்கு மீறிப் பளிச்சென்று தெரியும். அதை நம்பித் திருத்தினால் பிரிண்ட் இருட்டாக வரும். தலையைத் தாழ்த்தினால் அதே படம் கறுக்கும். அதில் எந்த இடத்திலிருந்து பார்த்தால் சரியான நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. வேங்கிக்காலில் ஆபீஸ் கடிதம் டைப் அடிக்கிற ஒருவருக்கு அதை விற்றிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. நான் போட்டோ வேலைக்கு விற்றேன்.

2. கண்

பிரிண்டுகளோடு வந்த அன்று வசந்தா முதலாளி சொன்னதையும் சொன்னார். “பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்களாம். இன்னொரு ஆல்பம் இப்படி வந்தா நீ அந்தக் கம்ப்யூட்டர்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருன்னுட்டாரு.”

மானிட்டரை மாற்றித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

“பதினோரு வருஷமா நுணுக்கமான வேலை பார்த்த கண்ணும்மா. ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்.”

அவர் பிரிண்டுகளை அடுக்கிக் கவரில் போட்டார். “இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. கட்டில்

நாலு மாதம் கழித்து, சிஸ்டம் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று போன் செய்தார். அவர் வீட்டுக்குப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரே அறை. கம்ப்யூட்டர் மேஜையை ஒட்டி மாமியாரின் கட்டில். ஃபேனில் தூசி அடைத்திருந்தது. சுத்தம் செய்து ஓட விட்டேன். சரிபார்க்க வசந்தா ஒரு கல்யாணப் படத்தைத் திறந்தார். பிறகு கட்டில் பக்கம் திரும்பினார்.

“அத்தே, பொண்ணு மூஞ்சி எப்படி கீது பாரு.”

கிழவி தலையணையிலிருந்து கண்ணை மட்டும் உயர்த்தினார். “கறுப்பா கீதுடி. இன்னும் கொஞ்சம் ஏத்து.”

வசந்தா வெளிச்சத்தை ஏற்றினார். நேரே நின்ற எனக்குப் பெண்ணின் முகம் மாவு பூசினாற்போலத் தெரிந்தது.

“போதுமா?”

“ம். இப்ப பொண்ணு நல்லா கீது. மாப்பிள்ளைதான் சரியில்ல. அதுக்கு நீ என்ன பண்ணுவ.”

நான் சிரித்துவிட்டேன். வசந்தாவும் சிரித்தார். “என் கண்ணுக்கு வெளிறிப் போய்த்தான் தெரியுது சார். ஆனா அத்தை சொல்றபடி வெச்சா பிரிண்ட் சரியா வருது. நாலு ஆல்பம் போயிடுச்சு, மொதலாளி ஒண்ணும் சொல்லல. இத்தனைக்கும் அவங்களுக்கு ஒரு கண்ணுல புரை.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனேன். ஒரு கோளாறும் இல்லன்னுட்டாரு. அவருக்கு இந்தக் கலர் வேலையெல்லாம் எங்க தெரியும்? நீங்கதான் கரெக்ட்டா சொன்னீங்க. அத்தை தூங்கிட்டா மூஞ்சி வேலையை நிறுத்திடுவேன். அவங்களுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னுதான் யோசனையா இருக்குது.”

கட்டில் தாழ்வானது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த மானிட்டர் கறுத்துத் தெரியும். நேரே தெரிகிற அதிகப்படி வெளிச்சத்துக்கு அந்தக் கறுப்பு ஏறக்குறைய ஈடாகிவிட்டது. கிழவியின் கண்ணில் விசேஷம் எதுவும் இல்லை, வசந்தாவின் கண்ணில் குறை எதுவும் இல்லை. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

4. டியூப்

கடையில் இருந்த டியூப் மானிட்டர் எப்போதோ விற்றுப்போயிருந்தது. அடுத்த வாரம் என் வீட்டில் நான் உபயோகித்த டியூப் மானிட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். அதை மாட்டி, ஸ்டூடியோவிலிருந்து வந்த நல்ல பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தை அதற்குச் சரியாகக் குறைத்தேன். படத்தை நின்று பார்க்கச் சொன்னேன், கட்டிலருகே குனிந்தும் பார்க்கச் சொன்னேன். வசந்தா இரண்டு முறை பார்த்தார்.

“ஒரே மாதிரிதான் தெரியுது.”

“உங்க கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. நான் குடுத்த மானிட்டர் இந்த வேலைக்கு ஆகாதது. விக்கும்போதே தெரியும். அன்னைக்கு நீங்க பிரிண்டோட வந்தப்பவும் தெரியும்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. “டாக்டர் ஒண்ணும் இல்லன்னாரு. அவரை நம்பல சார். உங்களை நம்புனேன்.”

வசந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு முகத்தைத் திறந்தார். கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார்.

“எனக்குக் காட்டலியாடி?” என்றார் கிழவி.

“வேணாம் அத்தே. எனக்கே தெரியுது.”

எல்சிடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். வசந்தா அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை. அது நியாயம்தான்.

போட்டோ வேலைக்கு வீட்டில் சிஸ்டம் வேண்டும் என்று யாராவது வந்தால் மானிட்டரை முதலில் எழுதுங்கள். மிச்சப் பணத்தில் மற்ற பாகங்களைப் பாருங்கள். ப்ராசசர் மெதுவாக இருந்தால் வாங்கியவர் கம்ப்யூட்டரைத் திட்டுவார், உங்களையும் திட்டுவார். மானிட்டர் தவறாக இருந்தால் அவர் யாரையும் திட்ட மாட்டார். தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.